இல்லாத ப்ராசஸரை ஓட்டிப் பார்ப்பது



ப்ராசஸர் வடிவமைக்கிற ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான கேஷை இரண்டு மடங்காக்கினால் நிரல்கள் வேகமாக ஓடுமா? அல்லது அந்த இடத்தில் கட்டளைகளை இயக்கும் இன்னொரு கோரை வைத்துவிடலாமா? சிலிக்கானில் செய்து பார்ப்பதென்றால் கோடிக்கணக்கில் பணம் வேண்டும், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து சிப் கைக்கு வந்த பிறகு யோசனை சரியில்லை என்று தெரிந்தால் யாரிடம் போய் முறையிடுவது? அதனால் இந்தத் துறையில் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இன்னும் பிறக்காத அந்த ப்ராசஸர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒரு நிரலாக எழுதி, இருக்கிற கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த நிரலைத்தான் ஆர்க்கிடெக்சர் சிமுலேட்டர் என்கிறோம்.

ப்ராசஸர் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் இதைத் தங்களுக்கென்று எழுதிப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. நான் பேச வந்தது பூட்டாத ஒன்றைப் பற்றி. அதன் பெயர் ஜெம்5. அரங்கில் பாதிப் பேராவது பொறியியல் மாணவர்களாக இருப்பீர்கள் என்று தெரிகிறது. மற்றவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். கணக்கு கொஞ்சம்தான் வரும்.

ஜெம்5 இரண்டு திட்டங்கள் சேர்ந்து உருவானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ரைன்ஹார்ட், நேதன் பிங்கர்ட் முதலானோர் எம்5 என்று ஒன்றை எழுதினார்கள். நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் கணினிகளை ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு முழுதாக ஓட்டிப் பார்ப்பது அதன் நோக்கம். விஸ்கான்சின்-மேடிசனில் மார்க் ஹில், டேவிட் வுட் ஆகியோரின் குழு ஜெம்ஸ் என்ற சிமுலேட்டரை எழுதி 2005-இல் அறிவித்தது. பல கோர்கள் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்ளும்போது நடப்பதை நுணுக்கமாகக் காட்டுவதில் அது கெட்டி. ஆனால் அதற்குச் சொந்தக் கால் இல்லை. கட்டளைகளை இயக்க சிமிக்ஸ் என்ற வணிக மென்பொருளை நம்பியிருந்தது. எம்5-க்கோ மெமரிப் பக்கம் அத்தனை ஆழம் இல்லை. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்தது. இரண்டும் கலந்த ஜெம்5 பற்றிய கட்டுரை 2011-இல் வந்தது. உரிமம் பிஎஸ்டி வகை, அதாவது யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆர்ம் நிறுவனம் தன் ப்ராசஸர்களுக்கான பகுதிகளைக் கொடுத்தது, ஏஎம்டி ஜிபியு மாடலைக் கொடுத்தது. ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பு 2017-இல் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேர்ந்தது.

உள்ளே எப்படி இருக்கிறது? வேலை செய்யும் பாகங்கள் சி++ மொழியில் இருக்கின்றன. எந்தப் பாகத்தை எதனோடு இணைப்பது, கேஷ் எத்தனை கிலோபைட், கிளாக் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதெல்லாம் பைதானில். பாகங்கள் ஒன்றோடொன்று போர்ட் வழியாகப் பேசும். நேரத்தின் அலகு டிக். ஒரு டிக் என்பது வழக்கமாக ஒரு பிக்கோ விநாடி. இதில் கவனிக்க வேண்டியது, சிமுலேட்டர் ஒவ்வொரு பிக்கோ விநாடியாக நகர்வதில்லை. இன்ன நேரத்தில் இன்னது நடக்க வேண்டும் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் நிற்பதை எடுக்கும், அந்த நேரத்துக்குத் தாவும், செய்யும். அதைச் செய்யும்போது புதிதாகச் சில நிகழ்ச்சிகள் வரிசையில் போய் நிற்கும். மெமரியிலிருந்து பதில் வர ஐம்பது நானோ விநாடி ஆகும் என்றால், ஐம்பதாயிரம் டிக்குக்குப் பிறகு என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். இந்த வரிசை புரிந்துவிட்டால் ஜெம்5-இல் பாதி புரிந்த மாதிரி.

ஜெம்5-ஐ விரிவாக்குவது என்றால் என்ன என்பதற்கு மிகச் சிறிய உதாரணத்திலிருந்து போவோம். கேஷ் நிரம்பியிருக்கிறது, புதிய தரவு ஒன்று வருகிறது. எதை வெளியேற்றுவது? ஜெம்5-இல் இதற்கென்று ஒரு தாய் கிளாஸ் இருக்கிறது. நீங்கள் நிரப்ப வேண்டியது நாலைந்து ஃபங்ஷன்கள். ஒரு லைன், அதாவது கேஷ் ஒரே துண்டாக வைத்துக்கொள்ளும் தரவு, புதிதாக உள்ளே வந்தால் என்ன குறித்துக்கொள்வது, இருக்கிற லைனை யாராவது தொட்டால் என்ன குறித்துக்கொள்வது, செல்லாததாகிவிட்டால் என்ன செய்வது, ஒன்றை வெளியே அனுப்பு என்றால் எதைக் காட்டுவது. எல்ஆர்யூ, அதாவது ரொம்ப நாளாகத் தொடாததை முதலில் அனுப்பும் கொள்கை, அங்கே எப்படி எழுதப்பட்டிருக்கிறது பாருங்கள். லைனைத் தொட்டவுடன் அப்போதைய டிக் எண்ணை அதன் மேல் எழுதிவிடுகிறது. வெளியேற்றும் வேளை வந்தால் இருப்பதில் எது சிறிய எண்ணோ அதைக் காட்டிக்கொடுக்கிறது. அவ்வளவுதான். இரண்டாமாண்டு மாணவர் ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம், மறுநாள் தன் சொந்தக் கொள்கையை எழுதிவிடலாம்.

இந்த எளிமையில்தான் ஒரு பொறி இருக்கிறது. டிக் எண் 64 பிட். கேஷின் ஒரு செட்டில், அதாவது ஒரு லைன் உட்காரக்கூடிய இடங்களின் தொகுப்பில், 8 லைன்கள் என்றால் 512 பிட் ஆகிறது, அதாவது 64 பைட். சாதாரணமாக ஒரு கேஷ் லைனின் அளவே 64 பைட்தான். எட்டு லைனுக்குக் கணக்கு எழுத ஒன்பதாவது லைன் அளவுக்கு இடம்! சிலிக்கானில் எவரும் இப்படிச் செய்யமாட்டார்கள். மரம் போல அடுக்கி ஏறக்குறைய எல்ஆர்யூ மாதிரி நடந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. எட்டு லைன் செட்டுக்கு அதற்கு 7 பிட் போதும். ஜெம்5-இல் அதுவும் இருக்கிறது. ஆனால் சிமுலேட்டர் உங்களைத் தடுக்காது. கோடி ட்ரான்சிஸ்டர் கேட்கும் யோசனையையும் இலவசம் போல ஓட்டிக் காட்டி, 12 சதவீதம் வேகம் என்று ஒரு எண்ணையும் கொடுத்துவிடும். வன்பொருள் சொல்லும் "முடியாது" என்ற வார்த்தை அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது எழுதுகிறவர். அவர் சொல்லாவிட்டால், அந்த நிரலைத் திறந்து படிக்கிற இன்னொருவர். இன்று நான் சொல்ல வந்த விஷயமே இந்த இன்னொருவரைப் பற்றியதுதான். அவரிடம் பிறகு வருகிறேன்.

அடுத்த படி, சொந்தமாக ஒரு பாகத்தை எழுதி ப்ராசஸருக்கும் கேஷுக்கும் நடுவே செருகுவது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கே ஒரு முறை விழுந்து எழுந்திருப்பார்கள். ப்ராசஸர் ஒரு கோரிக்கையைப் போர்ட் வழியாக அனுப்புகிறது. எதிர்ப்பக்கம் வேலையாக இருந்தால் "இப்போது முடியாது" என்று மறுக்கலாம். மறுத்தவருக்கு ஒரு கடமை உண்டு: கை ஓய்ந்ததும் "இப்போது அனுப்பு" என்று தானே கூப்பிட வேண்டும். இந்த அழைப்புக்கு ரீட்ரை என்று பெயர். அதுவரை அனுப்பியவர் காத்துக்கொண்டே இருப்பார். நடுவே செருகிய பாகம் மறுப்பதற்குக் கற்றுக்கொண்டு, கூப்பிட மறந்துவிட்டால் என்ன ஆகும்? ப்ராசஸர் காத்திருக்கிறது, கேஷ் சும்மா இருக்கிறது, நிகழ்ச்சி வரிசை காலியாகிறது. திரையில் ஒரு வரி வரும்: 18446744073709551615-ஆவது டிக்கில், சிமுலேஷன் எல்லையை எட்டியதால் வெளியேறுகிறேன். அந்த எண் வேறொன்றும் இல்லை, 64 பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண். பிக்கோ விநாடிக் கணக்கில் 213 நாட்கள். செய்ய எந்த வேலையும் இல்லாததால் சிமுலேட்டர் ஒரே தாவலில் காலத்தின் கடைசிக்கே போய் நின்றுவிட்டது. அனுபவசாலிகள் அந்த எண்ணைக் கண்டவுடன் "எங்கோ ஒரு ரீட்ரை விட்டுப்போயிருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னும் ஆழமான இடம் மெமரி ஒருமைப்பாடு. நான்கு கோர்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கேஷ், ஒரே தரவின் நகல் நாலு இடத்தில். ஒருவர் எழுதினால் மற்றவர்களின் நகல் பழசாகிவிடும். இதை ஒழுங்குபடுத்தும் விதிமுறை பாடப்புத்தகத்தில் மூன்றே நிலைகளில் முடிந்துவிடுகிறது: லைன் என்னிடம் இல்லை, எல்லோரோடும் பகிர்ந்து வைத்திருக்கிறேன், என்னிடம் மட்டும் எழுதக்கூடியதாக இருக்கிறது. தேர்வில் இந்த மூன்று வட்டமும் அம்புக்குறியும் போட்டால் முழு மதிப்பெண். ஜெம்5-இன் ரூபி பகுதியில், ஸ்லிக் என்ற தனி மொழியில், அதையே உண்மையில் ஓடும்படி எழுதப் போனால் மூன்று என்பது பதினொன்று ஆகிறது. ஜேசன் லோ-பவர் எழுதிய பயிற்சி நூலில் இருக்கும் மிக எளிய விதிமுறையின் கணக்கே இது. மற்ற எட்டும் இடைநிலைகள். நிச்சயதார்த்தம் முடிந்து முகூர்த்தம் வராத நாட்களைப் போல. கேட்டாயிற்று, இன்னும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் எல்லாச் சிக்கலும் வரும். ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். முதல் கோரிடமும் இரண்டாவது கோரிடமும் ஒரே லைனின் பகிர்ந்த நகல் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் எழுத ஆசை. எந்த லைன் யாரிடம் இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் டைரக்டரியிடம் இரண்டும் அனுமதி கேட்கின்றன. இரண்டாவதன் கோரிக்கை முதலில் போய்ச் சேருகிறது. டைரக்டரி முதல் கோருக்கு "உன் நகலை அழி" என்று செய்தி அனுப்புகிறது. முதல் கோரோ, "என்னிடம் நகல் இருக்கிறது, எழுத அனுமதி மட்டும் வேண்டும்" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. இப்போது அது நகலை அழிக்க வேண்டும், அழித்ததற்குப் பதில் அனுப்ப வேண்டும், அதே சமயம் தன் கோரிக்கையைக் கைவிடாமல், "என்னிடம் ஒன்றுமே இல்லை, தரவும் வேண்டும், அனுமதியும் வேண்டும்" என்ற நிலைக்கு மாறிக் காத்திருக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தை எழுத மறந்தால், சிமுலேஷன் மணிக்கணக்கில் ஓடிய பிறகு, என்றோ ஒருநாள் இரண்டு செய்திகள் குறுக்கே பாயும்போது, செல்லாத நிலைமாற்றம் என்று கத்திவிட்டு நின்றுவிடும். இதற்காகவே ஜெம்5-இல் ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. சில முகவரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தாறுமாறாக எழுதவும் படிக்கவும் செய்து, வேண்டுமென்றே தாமதங்களைக் கலந்து, படித்தது எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். விதிமுறை எழுதியவர் நினைத்தே பார்க்காத குறுக்கீட்டை அது கண்டுபிடிக்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் விதிமுறை எழுத வேண்டுமென்றால் அந்தக் கருவியோடு குடித்தனம் நடத்தித்தான் ஆக வேண்டும்.

வேகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கட்டளைகளை வரிசை மாற்றி இயக்கும் நவீன கோரை நுணுக்கமாக ஓட்டினால் ஜெம்5 விநாடிக்கு ஒன்றிரண்டு லட்சம் கட்டளைகளைத்தான் தாண்டும். உண்மையான ப்ராசஸர் ஒரு விநாடியில் செய்வதைச் செய்ய மணிக்கணக்கு ஆகும். ஒரு லட்சம் கோடி கட்டளைகள் கொண்ட சோதனை நிரலை முழுதாக ஓட்ட, விநாடிக்கு லட்சம் என்ற கணக்கில், நாலு மாதத்தை ஒட்டி வரும். எனவே முழுதாக யாரும் ஓட்டுவதில்லை. நிரலின் போக்கைப் பிரதிபலிக்கும் சில துண்டுகளைத் தேர்ந்தெடுத்து ஓட்டும் சிம்பாயிண்ட் முறை 2002-இல் வந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் கிளம்புகிற பகுதியை உண்மையான ப்ராசஸரிலேயே கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதி வழியாக ஓட்டிவிட்டு, வேண்டிய இடத்திலிருந்து மட்டும் நுணுக்கமாகப் பார்ப்பது இன்னொரு வழி. இரண்டிலும் எங்கே வெட்டுவது என்பது மனிதர் எடுக்கும் முடிவு. எண்ணைப் படிக்கிறவர் அதை மறந்துவிடக் கூடாது.

இதுவரை சொன்ன பிழைகள் எல்லாம் நல்ல பிழைகள். சிமுலேட்டர் நின்றது, கத்தியது, நமக்குத் தெரிந்தது. ஆபத்தானவை நிற்காமல் ஓடி, நம்பும்படியான ஒரு எண்ணைக் கொடுப்பவை. ஒரு தாமதம் இரண்டு முறை கூட்டப்பட்டிருக்கும், ஒரு பஃபருக்கு எல்லையே இல்லாமல் இருக்கும். வெளியே வரும் வரைபடம் அழகாகவே இருக்கும். விஸ்கான்சினைச் சேர்ந்த டோனி நோவாட்ஸ்கி, கார்த்திகேயன் சங்கரலிங்கம் உள்ளிட்டோர் 2015-இல் ஐஇஇஇ மைக்ரோ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே இத்தகைய சிமுலேட்டர்கள் தீங்கானவை என்று சொல்வதுதான். தலைப்பு கொஞ்சம் காரம். சிமுலேட்டரை விட்டுவிட்டு வேறு எதைப் பிடிப்பது என்றும் கேட்கலாம். ஆனாலும் நுணுக்கமான மாடல் என்பதாலேயே அது துல்லியமானது என்று நினைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு அப்படி ஒரு குட்டு தேவைதான்.

நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. ப்ராசஸர் முன்கூட்டி ஊகித்துச் செய்யும் வேலை கேஷில் விட்டுச்செல்லும் தடயத்தை வைத்து ரகசியங்களைத் திருடலாம் என்று தெரிந்தது. அந்த ஆண்டே இல்லினாய் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் சகாக்களும் இன்விசிஸ்பெக் என்ற தடுப்பு முறையை ஜெம்5-இல் எழுதிக் காட்டினார்கள். ஊகத்தில் படித்ததைக் கேஷில் வைக்காமல் தனி பஃபரில் வைத்து, ஊகம் சரியென்று தெரிந்த பிறகே கேஷுக்குக் காட்டுவது அவர்கள் வழி. அதற்காகும் வேக இழப்பு ஸ்பெக்டர் தாக்குதலுக்கு எதிராக 21 சதவீதம் என்று கட்டுரை சொன்னது. நிரலையும் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே, 2019-இல், தங்கள் சிமுலேஷனில் பிழை இருந்ததாகவும் உண்மையான இழப்பு அதைவிடக் குறைவு என்றும் அவர்களே திருத்தம் வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால், கட்டுரையைவிட அந்தத் திருத்தத்துக்கு மதிப்பு அதிகம். எந்த நிரலிலிருந்து அந்த 21 வந்தது என்பது எவரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியில் இருந்தது. பூட்டிய சிமுலேட்டரிலிருந்து வந்த எண்ணாக இருந்தால் அதை நம்பலாம் அல்லது நம்பாமல் இருக்கலாம், சரிபார்க்க முடியாது.

முன்பு சொன்ன இன்னொருவரிடம் இப்போது வருகிறேன். ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம் என்றே நம் கல்லூரிகளில் பல பேர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சிமுலேட்டர் விஷயத்தில் விலை பெரிய விஷயமே இல்லை. உங்கள் எண்ணை முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துத் திறந்து, மறுபடி ஓட்டி, "இது தப்பு" என்று சொல்ல முடிவதுதான் அதன் பயன். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆய்வு மாணவர் சேர்ந்த அன்று இருக்கும் ஜெம்5-ஐப் பிரதி எடுத்துக்கொள்கிறார். மூன்று வருடம் அந்தப் பிரதியிலேயே ஆயிரக்கணக்கான வரிகளை எழுதுகிறார். அதற்குள் மூல நிரல் எங்கோ முன்னேறிப் போய்விடுகிறது. பட்டம் வாங்குகிறார், வேலைக்குப் போகிறார், அந்தப் பிரதி பரிசோதனைக்கூடத்து சர்வரில் கிடக்கிறது. அடுத்து வரும் மாணவர் அதைக் கம்பைல் செய்யவே ஒரு மாதம் போராடுகிறார். நிரல் பூட்டப்படவில்லைதான், ஆனால் பூட்டியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

திட்டத்தின் பக்கமும் குறை இருந்தது. பல வருடங்கள் ஜெம்5-க்கு முறையான பதிப்பு எண்ணே கிடையாது. ஜெம்5-ஐப் பயன்படுத்தினோம் என்று கட்டுரையில் எழுதினால் எந்த மாதத்து ஜெம்5 என்று கண்டுபிடிப்பது வாசகர் தலைவிதி. 2020-இல்தான் 20.0 என்று எண்ணிட்ட பதிப்புகள் தொடங்கின. அதன் பிறகு வருடத்துக்குச் சில பதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் சோதனைகள், மாறியவற்றின் பட்டியல் என்று நிலைமை தேறியிருக்கிறது. 2023-இல் நிரல் கிட்ஹப்புக்கு மாறியதால் வெளியார் திருத்தம் அனுப்புவதும் எளிதாகியிருக்கிறது. திருத்தம் அனுப்பினால் பரிசீலனைக்கு நாள் ஆகும். வரி வரியாகக் கேள்வி கேட்பார்கள், சோதனை எழுதச் சொல்வார்கள். மூவாயிரம் வரியை ஒரே மூட்டையாக அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் உங்கள் நிரலை வெளியார் ஒருவர் முதன்முதலாகக் கவனமாகப் படிப்பது அங்கேதான். உங்கள் வழிகாட்டிகூட அப்படிப் படித்திருக்கமாட்டார்.

நம் ஊருக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி திட்டம் ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர்களை வடிவமைத்து, ப்ளூஸ்பெக் மொழியில் எழுதிய வடிவமைப்பைப் பொதுவில் வைத்திருக்கிறது. அதில் சி-கிளாஸ் என்பது கட்டளைகளை வரிசைப்படி இயக்கும் கோர். ஜெம்5-இல் வரிசைப்படி இயங்கும் மைனர் என்ற கோர் மாடல் இருக்கிறது, ரிஸ்க்-ஃபைவும் இருக்கிறது. மைனரைச் சி-கிளாஸ் போலவே அமைத்து, ஒரே நிரலை இரண்டிலும் ஓட்டி, எத்தனை சைக்கிள் வித்தியாசம், அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு ஏற்ற அளவு வேலை. இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் கடைசி வரி வரை தேடிப் போகலாம். இன்டெல் ப்ராசஸரோடு ஒப்பிட்டால் பாதி வழியில் சுவர் வந்துவிடும்.

மாணவர்களிடம் நான் கேட்பது மூன்று. பெரிய கோர் மாடலில் கை வைக்காமல் கேஷில் எதை வெளியேற்றுவது என்று முடிவுசெய்யும் ஒரு ரீப்ளேஸ்மென்ட் கொள்கையிலிருந்து தொடங்குங்கள். ப்ராஜெக்ட் அறிக்கையில் ஜெம்5-இன் பதிப்பு எண்ணையும், ஓட்டிய பைதான் ஸ்கிரிப்டையும் தவறாமல் சேருங்கள். செய்ததில் ஒரு சிறு துண்டையாவது, ஒரு சோதனையோ ஆவணத் திருத்தமோ ஆனாலும், மூலத் திட்டத்துக்கு அனுப்பிப் பாருங்கள். துறைத் தலைவர்களிடமும் பேராசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: மாநாட்டுக் கட்டுரைக்கு மதிப்பெண் கொடுக்கிறீர்கள், அப்படி மூலத்தில் ஏற்கப்பட்ட ஒரு திருத்தத்துக்கும் இந்த ஆண்டு முதல் மதிப்பெண் கொடுங்கள்.